நூற்றுக்கு நான்கு குறைவு

திச்செபோ அக்காவுக்குப் பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். கால்நடை அலுவலகத்து வெள்ளை பிக்கப் வண்டி. ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் கால்நடை அதிகாரியாக அவள், எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு திட்டம் உட்கார்ந்திருக்கும். தடித்த அட்டை போட்ட புத்தகம். அட்டையில் கொழுத்த மாடு ஒன்றின் படம். எங்கள் மொரேலா வட்டாரத்தில் அப்படி ஒரு மாட்டை நான் கண்ணால் கண்டதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஐந்து திட்டங்கள் வந்தன. ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்புதான், சொற்கள்தான் முன்னும் பின்னும் இடம் மாறி நிற்கும். வட்டாரத்து மாட்டிறைச்சித் தொழில் லாபமாக நடக்க வேண்டும், நிலமும் கெடாமல் நீடிக்க வேண்டும். முதல் திட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மாடெல்லாம் கிணற்றடியிலேயே கிடந்து, சுற்றுவட்டாரத்தில் ஒரு புல் மிச்சமில்லை. இரண்டாவதில் பெரிய பெரிய சீமைக் காளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதல் கோடையிலேயே உண்ணி ஏறி மூன்று செத்தன. மூன்றாவதில் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டார்கள். வேலி என்றால் என்னவென்று யானைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்காவது திட்டம் காகிதத்தோடு சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஏட்டு மாடு அடுப்புப் பற்றவைக்கவாவது உதவியது.

திட்டம் போட்டவன் தலைநகரத்துக்குப் போய்விடுவான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவள் அக்காதான். ஆண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளைச் சீண்டுவார்கள்.

"சொந்தமா ஒரு கன்னுக்குட்டி இல்லாதவ, நமக்கு மாடு வளக்கச் சொல்லித் தர வந்துட்டா."

"ஆமாங்கய்யா, அதனாலதான் நிம்மதியா தூங்குறேன். சிங்கம் வந்தா உங்களுக்குத்தானே வயித்தெரிச்சல்" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும்.

எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. உன் மாடு எத்தனை என்று ஒரு மனிதனிடம் கேட்கக் கூடாது. சம்பளத்தைக் கேட்கலாம், வயதைக் கேட்கலாம், அந்த இன்னொரு வீடு எந்தத் தெருவில் என்றுகூடக் கேட்கலாம். மாட்டைக் கேட்கக் கூடாது. அதோடு, இருக்கிற மாட்டை ஒரே பட்டியில் அடைத்து ஊர்க்கண்ணில் காட்டவும் மாட்டார்கள். ஐந்து இங்கே, பத்து அங்கே என்று நம்பிக்கையானவன் பட்டியில் விட்டுவைப்பார்கள். மாஃபிசா என்று பெயர். வளர்க்கிறவனுக்குப் பால் உண்டு, உழவுக்கு எருது உண்டு, செத்தால் கறி உண்டு. மாடு மட்டும் அவனுடையது இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை உடையவர் மனசு வைத்து ஒரு கிடேரியை அவன் பேருக்கு விடுவார். எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் விடாமலிருப்பது மனுஷத்தன்மை இல்லை.

அக்காவின் அப்பாவுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மகன்களுக்குக் கொடுத்த மாடெல்லாம் பரிசம், பியர், பழைய கார் என்று கரைந்துகொண்டிருந்தன. சாவதற்கு முந்தின வருஷம் மனிதர் பன்னிரண்டு பசுக்களை ரமொகாபியின் பட்டிக்கு ஓட்டிப் போய், "இது திச்செபோவுது. அவ அண்ணன்மாருக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். ரமொகாபிக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மூன்றாவது ஆள் நான். உடையவர் பெயரைப் பதிந்து மாட்டுக் காதில் நம்பர் வில்லை குத்தும்போது பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ஊரில் எந்த ரகசியமும் ரகசியம் இல்லை. பன்னிரண்டு பெருகி நாற்பத்திரண்டு ஆனதும் எனக்குத் தெரியும்.

ரமொகாபி அக்காவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வளைந்த கால்கள், வெயிலில் நிறம்போன தொப்பி, அதிகம் பேசாத வாய். அவர் பட்டியில் தொண்ணூறு மாடுகள் நின்றன. வட்டாரத்திலேயே பெரிய பட்டி. அதனால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. அந்தத் தொண்ணூறில் அவருடையது ஒன்றுகூட இல்லை. அக்காவுடையது போக மிச்சமெல்லாம் பள்ளித் தலைமையாசிரியர், மருத்துவமனை நர்ஸ், ஊர்த்தலைவரின் மனைவி என்று யார் யாருடையதோ. அவர் தயிர் விற்றுப் பிழைத்தார்.

ஐந்தாவது திட்டத்தோடு வந்தவன் பெயர் தெபாட்சோ. முப்பது வயது, தலைநகரத்துப் பையன், நல்ல மனசு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சிறிய விமானத்திலிருந்து படம் எடுத்து, எந்தப் பட்டியில் எத்தனை மாடு என்று எண்ணிக்கொண்டு வந்தான். எந்த மாடு யாருடையது என்ற பதிவேடு அவன் கணினியிலேயே இருந்தது. அவன் அதைத் திறந்து பார்க்கவில்லை. ரமொகாபி பட்டியில் நிற்பது ரமொகாபி மாடுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய பட்டிக்காரரையே திட்டத்துக்குத் தலைவராகவும் போட்டான். கூட்டத்தில் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் மாடு யாருடையது என்று சொல்ல வேண்டுமே.

திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம். நான் ஐந்தையும் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ஏழு பட்டி மாடுகளைப் பகலில் ஒரே மந்தையாகச் சேர்த்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து மேய்ப்பது. நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்குக்கு ஓய்வு. எருதை எட்டு வயது வரை வைத்து எலும்பாக்காமல் மூன்று வயதில் விற்பது. கோமாரி நோய் காரணமாக எங்கள் மாடு வட்டார எல்லையில் அரசாங்கம் போட்ட வேலியைத் தாண்டி எங்கேயும் போக முடியாது. இங்கேயே இருக்கும் கசாப்புக்காரன் வைத்ததுதான் விலை. இப்போது, அந்த நோயைச் சுமந்து திரியும் காட்டெருமையின் வாசம் படாமல் ஒரு மாதம் தனிப்பட்டியில் காவல் வைத்தால், பட்டணத்து இறைச்சி ஆலை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நாளைக்கு நூறு மாடு இருந்தால்தான் ஆலையில் கொதிகலனைப் பற்றவைப்பார்கள். தொண்ணூற்றொன்பது என்றாலும் வேண்டாம்.

கூட்டத்தில் தெபாட்சோ சிரித்த முகமாகக் கேட்டான்: "தலைவர் ஐயா, நீங்க எத்தனை தருவீங்க?"

ரமொகாபி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "முப்பத்தெட்டு" என்றார். வேறென்ன சொல்வார்? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா? எல்லோரும் வழக்கப்படி "பூலா" என்று மழையை வாழ்த்தி உட்கார்ந்தார்கள்.

வண்டியில் ஏறியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "முப்பத்தெட்டாம். யாரோட முப்பத்தெட்டு, ஒராபிலே?"

"அதை அந்தத் தம்பிகிட்டச் சொல்லிட வேண்டியதுதானேக்கா."

"எதைச் சொல்றது? ஊர்ல இருக்கிறவன் சட்டையை எல்லாம் கழட்டச் சொல்றியா? என் சட்டையையும் சேத்து?"

அவளுக்கு ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. வாய்விட்டு ஒருமுறைதான் சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை லாரியில மாடு ஏறிப் போறதப் பாத்துட்டா போதும். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் வேண்டாம்." இருபத்தேழு வருஷ வேலைக்கு அவள் கேட்ட கூலி அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் நன்றாக இருந்தது. ஓய்வு கொடுத்த பங்கில் புல் முழங்கால் வரை வந்தது. கூட்டு மந்தை ஒழுங்காக நடந்தது. அக்கா வண்டியில் பாட்டு முணுமுணுத்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். குரல் சுமார்தான். ஏப்ரல் கடைசியில் தனிப்பட்டியில் மாடு அடைக்கும் நாள் வந்தது. மற்ற ஆறு பட்டிக்காரர்களும் அறுபத்திரண்டு எருதுகளைப் பிரித்துக் கொண்டுவந்து விட்டார்கள். ரமொகாபி ஆளையே காணோம்.

அக்கா முதலில் உடையவர்களிடம் போனாள். தலைமையாசிரியர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினார். நர்ஸ், "மெதுவா பேசுங்க, சுவர்கூடக் கேக்கும்" என்றாள். ஊர்த்தலைவரின் மனைவி சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். விற்பதில் எல்லோருக்கும் சம்மதம், வெளியே தெரியக் கூடாது, அவ்வளவே. பதினாறு எருது சேர்ந்தது. அக்காவுடையது விற்கிற வயதில் இருபத்திரண்டு. கணக்கு சரியாக வந்தது. அந்தத் தெம்பில் ரமொகாபியின் பட்டிக்குப் போனோம். அவர் சாக்குப்பையில் தயிரை வடியவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முப்பத்தெட்டும் நாளைக்குள்ள வரணுமே" என்றாள் அக்கா.

"காலு நொண்டுது."

"முப்பத்தெட்டுக்குமா?"

அவர் சாக்கைப் பிழிந்தார்.

"உடையவங்க எல்லாரும் சரின்னுட்டாங்கண்ணே. நான் நேர்ல போய்க் கேட்டேன். என்னுதையும் ஓட்டிக்குங்க."

"எல்லாரும் சரின்னுட்டாங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல திட்டந்தான் தங்கச்சி. குறை சொல்லல. வித்தா அவங்களுக்குக் காசு. உனக்குக் காசு. நிலத்துக்குப் புல்லு. எனக்கு என்ன? உழுற எருது எல்லாம் லாரியில போயிரும். பாதிப் பட்டி காலி. அடுத்த வருஷம் மிச்சப் பாதி. அப்புறம் அந்த முன்வரிசை நாற்காலியில யாரை உக்கார வைப்பானுங்க?"

அக்கா திரும்பிப் பட்டியைப் பார்த்தாள்.

"உங்கப்பா இருந்தப்ப ஒரு கிடேரி குடுத்தாரு. அது பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. அவரு போய்ப் பதினேழு வருஷம். நீ வருவே, ஊசி போடுவே, நல்லா இருக்கீங்களாண்ணேன்னு கேப்பே, வண்டியில ஏறிப் போவே." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இந்தத் தொண்ணூறுல என்னுது எதுன்னு ஒன்னைக் காட்டு தங்கச்சி. முதல்ல அதை ஓட்டிட்டு வரேன்."

நான் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்து திட்டத்திலும் மாட்டை எண்ணினார்கள், புல்லை எண்ணினார்கள், கிணற்றை எண்ணினார்கள். மாட்டுக்குப் பின்னால் நடக்கிறவன் எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதினவன் மறந்தது இருக்கட்டும், எங்கள் அக்காவே மறந்திருந்தாள்.

திரும்பும்போது பாதி வழியில் கேட்டாள்: "நான் கஞ்சத்தனத்துலயா விட்டேன், ஒராபிலே?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் குடுக்கல?"

நான் கியரை மாற்றினேன்.

"மறந்துட்டேன். ஊரு மாட்டுக்கெல்லாம் திட்டம் போட்டுட்டு, ஒரு மனுஷனுக்குக் குடுக்க வேண்டியதை மறந்துட்டேன். கஞ்சத்தனம்னு சொன்னாக்கூட கௌரவமா இருக்கும்."

மறுநாளே ரமொகாபியை அலுவலகத்துக்கு அழைத்துவந்தோம். ஆறு கிடேரி, மூன்று வயது எருது நான்கு, மொத்தம் பத்து மாடுகளை அவர் பெயருக்கு மாற்றி அக்கா கையெழுத்துப் போட்டாள். சாட்சி நான். எருது நான்கையும் அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு செவலை, இரண்டு மயிலை, வயிற்றில் வெள்ளை விழுந்த ஒரு காரி. யோசிக்கவே இல்லை. பல வருஷமாக மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் போலச் சொன்னார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு இல்லை. "பதினேழு வருஷம் கழிச்சுக் குடுத்ததுக்கு நன்றி வேற கேக்குதா உனக்கு?" என்றாள்.

அன்று மாலையே முப்பத்தெட்டும் தனிப்பட்டிக்கு வந்தன. அக்காவுடையது பதினெட்டு, மற்றவர்களுடையது பதினாறு, அவருடைய நான்கு. அவருக்கு விற்கச் சம்மதமா என்று தெபாட்சோ கேட்டான். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். உபரியாக இருக்கட்டும் என்று வேறு பட்டியிலிருந்து மூன்று எருதுகளைச் சேர்த்து வைத்தோம். அந்த ஒரு மாதத்தில் சிங்கம் இரண்டை அடித்தது, மூன்றாவது குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டது. கடைசியில் சரியாக நூறு நின்றது. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்க்கவும் வழியில்லை. ஒரு மாதம் காவலில் இல்லாத மாட்டை ஆலை தொடாது.

லாரி வருவதற்கு முந்தின நாள் தெபாட்சோ கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, தலைவர் ஐயா பேர்ல பத்து மாடுதான் இருக்கு. அதுவும் போன மாசம் வந்தது."

"ஆமாப்பா."

"எனக்கு யாருமே சொல்லலையே."

"நீ கேக்கவே கூடாத ஒன்னை நாங்க எப்படிப்பா சொல்றது?" அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். "நாளைக்கு ஏத்தும்போது மெஷின் நம்பரும் காட்டும், பேரும் காட்டும். பேரை வாசிக்காதே. நம்பரை மட்டும் வாசி. ரமொகாபி அண்ணனோட நாலு மட்டும் கடைசியா வரட்டும். அந்த நாலுக்குப் பேரை நல்லா சத்தமா வாசி. ஊரு கேக்கட்டும்."

அந்த யோசனை அவளுடையதுதான். நான்கூட நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை இழுவைப் பெட்டி கோத்த இரண்டு நீள லாரிகள் வந்து நின்றன. ஊரே வந்திருந்தது. பெண்கள் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். யாரோ எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள் விற்றார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகக் குறுகலான வழியில் ஏற, தெபாட்சோ காது வில்லையில் கருவியைக் காட்டி நம்பர் வாசித்தான். அக்கா சரிவுப்பலகைக்குப் பக்கத்தில் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்று ஏறும்போதும் அவள் உதடு அசைந்தது. தொண்ணூற்றாறு ஏறியாயிற்று.

முதலில் செவலை வந்து சரிவுப்பலகைக்கு முன்னால் தயங்கி நின்றது. தெபாட்சோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரமொகாபி. மொரேலா" என்று வாசித்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரமொகாபி தொப்பியைக் கழற்றினார். பின்னால் மயிலை. "ரமொகாபி. மொரேலா." இன்னொரு மயிலை. "ரமொகாபி. மொரேலா." அவர் அந்தக் குறுகலான வழிக்குள் இறங்கிப் போனார். செவலைக்கு முன்னால் நின்று அதன் நெற்றியில் கையை வைத்தார்.

"நிறுத்து தம்பி."

"என்னய்யா?"

"இது ஏறாது."

தெபாட்சோவுக்குப் புரியவில்லை. "ஐயா, நீங்கதானே சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன். அப்ப என் பேரைச் சொல்லி ஒருத்தன் மாடு வாசிச்சு நான் கேட்டதில்ல." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அறுபத்தஞ்சு வயசு. இன்னைக்குத்தான் கேட்டேன். கேட்ட அன்னைக்கே எப்படிப்பா அனுப்புறது?"

தெபாட்சோ ஆலைக்குப் போன் போட்டான். தொண்ணூற்றாறு இருக்கிறது, தயவுசெய்து என்றான். அந்தப் பக்கம் நூறா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். வேறு ஊராக இருந்தால் நான்கு பேர் ரமொகாபியைப் பிடித்து இழுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவனும் அசையவில்லை. தன் எருதுகள் லாரியில் நிற்கும் தலைமையாசிரியர்கூட நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மாடு அவனுது" என்றார். அதற்குமேல் எங்களிடம் நியாயம் கிடையாது. ஊர்த்தலைவரே ஆனாலும் இன்னொருவன் எருதின் கயிற்றை அவிழ்க்க முடியாது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பத்து மாட்டைத் தூக்கிக் குடுத்தவ அங்க நிக்கிறா. அவ முகத்தைப் பாத்துமா மனசு வரல? நன்றி கெட்ட..."

"ஒராபிலே, வாயை மூடு" என்றாள் அக்கா. பிறகு வேலிக்கம்பை விட்டுவிட்டு அவரிடம் நடந்து போனாள். "எப்பண்ணே விப்பீங்க?"

"ஒரே ஒரு மழைக்காலம் தங்கச்சி. இதுங்க ஒரு மழைக்காலம் என் பேர்ல மேயட்டும். அடுத்த மே மாசம் நானே ஓட்டிட்டு வந்து ஏத்துறேன். உங்கப்பா மேல சத்தியம்."

"சரிண்ணே" என்றாள்.

ஏற்றிய தொண்ணூற்றாறையும் இறக்கினோம். ஏற்றுவதைவிட இறக்குவதற்கு அதிக நேரம் பிடித்தது. மாடுகள் மிரண்டு போயிருந்தன. கடைசி மாடு இறங்கும்வரை அக்கா அங்கேயே நின்றாள். இரண்டு லாரியும் வெறும் பெட்டி தடதடக்கப் போயின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். மாவு உருண்டை விற்றவளுக்கு மட்டும் அன்று நல்ல வியாபாரம்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்த ஒரே அழுகை. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"அவரு செஞ்சது தப்புன்னு சொல்ல வாய் வந்தா அழுதிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலே போன அறிக்கையில் ஒரே வரி: இவ்வட்டார மக்களுக்கு விற்பனையில் விருப்பமில்லை. திட்டத்தைத் தூக்கி வேறு வட்டாரத்துக்குக் கொடுத்தார்கள். தெபாட்சோ போனில் மன்னிப்புக் கேட்டான், அவன் குரலும் உடைந்திருந்தது. மேய்ப்பவர்களுக்குச் சம்பளம் நின்றது. கூட்டு மந்தை கலைந்து ஏழு பட்டிக்கும் திரும்பியது. ஓய்வில் இருந்த புல்லை ஒரே மாதத்தில் தின்று தீர்த்தன. ஆகஸ்டில் அக்கா ஓய்வு பெற்றாள். இடித்த கறியும் சோளக்களியும் போட்டு விருந்து வைத்து, ஒரு கம்பளி கொடுத்தார்கள். பேசியவர்களில் ஒருவர், "சொந்தமா ஒரு கன்னுக்குட்டி இல்லாட்டியும் ஊர் மாட்டுக்கெல்லாம் அம்மாவா இருந்தவங்க" என்றார். அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அவளுடைய பதினெட்டு எருதுகளும் ரமொகாபி பட்டியில் வயதாகிக்கொண்டிருந்தன. அதை விற்பது பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. அசந்துபோயிருந்தாள். உடம்பு இல்லை, உள்ளே.

அடுத்த மே மாதம் ஒரு நாள் காலை அலுவலக வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரமொகாபி வந்தார். அவருக்கு முன்னால் நான்கு எருதுகள். இரண்டு நாள் நடந்து வந்திருந்தார். அந்த மாடுகளைப் பார்த்து நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். உடம்பு மினுமினுவென்று இருந்தது. திட்டத்து அட்டையில் அச்சடித்த மாடு தோற்றுப்போகும்.

"லாரி எப்ப?" என்றார்.

நான் துணியை எடுத்து உதறினேன். "மேய்க்கிற ஆளுங்களுக்குச் சம்பளம் நின்னு, மந்தை கலைஞ்சது தெரியும்லண்ணே?"

"அது தெரியும். லாரி நின்னுச்சுன்னு யாரும் சொல்லலையே. நான் ஒரு மாசம் தனியா அடைச்சு வச்சேன். காட்டெருமை அண்ட விடாம நானே காவல் இருந்தேன். புல்லுக்கு ஓய்வு விட்டு மாத்தி மாத்தி மேய்ச்சேன். அந்தத் தம்பி என்னென்ன சொன்னானோ அத்தனையும் செஞ்சிருக்கேன்."

இருபத்தேழு வருஷத்தில், ஐந்து திட்டத்தில், சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள். அவரை நான் அக்காவின் வீட்டுக்கு அழைத்துப்போனேன். வேறு என்ன செய்ய?

அக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எருதுகளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பழக்கம் போகுமா? செவலையின் இடுப்பெலும்பைத் தடவினாள். மயிலைகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். காரியைச் சுற்றி வந்தாள்.

"நல்லா தேத்தியிருக்கீங்கண்ணே."

"லாரி எந்தப் பக்கம் வரும் தங்கச்சி?"

"வராதுண்ணே."

"நாளைக்கா?"

"இல்லண்ணே. இனிமே வராது. வேற வட்டாரத்துக்குக் குடுத்துட்டாங்க."

அவர் நான்கு மாடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் நிறுத்துனதாலயா?"

அக்கா சட்டென்று, "சேச்சே, இல்லண்ணே. அது முன்னாடியே முடிவாயிருச்சு. நூறு ஏத்தியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்றாள். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேர் வாயில் விழுந்தும், தன் மாட்டை மறைத்தது தவிர வேறு பொய் சொல்லாதவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றேன் நான். "அது தலைநகரத்துக்காரங்க வேலை. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அக்கா தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டாள். நான்கும் குடித்து முடிக்கும்வரை அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாடுகளை வந்த வழிக்கே திருப்பினார்.